படம் எங்களுடையது, பாத்திரம் யாருடையது?



பாத்திர வியாபாரிக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை. 1986இல் அம்பத்தூரில் கடை போட்டபோது எங்களிடம் இருந்தவை ஒரு தராசு, ஒரு கல்லாப்பெட்டி, இரண்டு பேரேடுகள், அவ்வளவே. சரக்கைக் கையில் கொடுப்போம்; வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார், விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பார். ஆவடியிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் வரும் சில்லரைக் கடைக்காரர்கள் அப்படித்தான் எங்களிடம் கொள்முதல் செய்தார்கள். இன்றைக்கோ சரக்கைப் பார்க்காமலேயே வாங்குகிறார்கள். அவர்கள் பார்ப்பதெல்லாம் படத்தைத்தான். அந்தப் படமே திருட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட கதை இது. நம் சங்க அன்பர்களில் பலருக்கும் இது நடந்திருக்கிறது, அல்லது நடக்கப்போகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

ஒரு தை மாதத்துக் காலை. கடை திறந்து சாம்பிராணி காட்டி முடிக்கவில்லை, பட்டாபிராமிலிருந்து கணவனும் மனைவியுமாக இருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அந்த அம்மாள் பெட்டியை முன்னால் வைத்து, "அண்ணாச்சி, உங்க கடையை நம்பித்தானே வாங்கினோம், இப்படிப் பண்ணலாமா?" என்றார். கண்ணில் தண்ணீர். பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஓர் எவர்சில்வர் அண்டா, இரண்டு தூக்குவாளி, ஒரு குடம், தட்டுகள். மகளுக்கு எட்டாம் நாள் கல்யாணம். சீர்வரிசைக்கென்று செல்போனில் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். அண்டாவைக் கட்டைவிரலால் அழுத்தினோம், பள்ளம் விழுந்தது. அத்தனை மெலிசு.

"இது எங்கள் சரக்கு இல்லையே அம்மா" என்றோம். அவர் கணவர் ஒன்றும் பேசாமல் செல்போனை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் அவர்கள் வாங்கிய போர்ட்டலில் இருந்த படம். இன்னொரு பக்கம் எங்கள் கடை வாட்ஸ்அப்பில் அனுப்பும் விலைப்பட்டியலில் இருந்த படம். யாரோ உறவினர் அவருக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டும் ஒன்றுதான். அதே அண்டா, அதே வெளிச்சம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பளபளவென்று மெருகேறிய அண்டாவின் வயிற்றில், எங்கள் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் தினசரி நாள்காட்டி வளைந்து தெரிந்தது. பக்கத்திலேயே போட்டோ எடுத்த எங்கள் மகனின் கோடு போட்ட சட்டையும் தெரிந்தது! விற்றவர் பெயரோ நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. வட மாநிலத்தில் ஏதோ ஓர் ஊர் முகவரி.

படத்தில் இருந்தது 22 கேஜ் தகட்டில் செய்த அண்டா. வந்து சேர்ந்தது 26 கேஜுக்குக் கூடத் தேறாது. இந்தத் தொழிலில் இல்லாத அன்பர்களுக்காகச் சொல்கிறோம்: கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலிசாகும். 22 என்றால் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர், 26 என்றால் அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. எவர்சில்வர் பாத்திரம் மொத்த விலையில் கிலோவுக்குத்தான் போகிறது, ஆகையால் தகடு மெலிந்தால் அடக்க விலை பாதிக்குப் பாதி இறங்கும். தரத்திலும் அப்படியே. 304 தரத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். காந்தம் வைத்துப் பார்த்துவிட்டேன் என்று சில வாடிக்கையாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இரண்டு தரத்திலுமே காந்தம் சரியாக ஒட்டாது. போட்டோவிலோ கேட்கவே வேண்டாம், எல்லாம் ஒரே பளபளப்புத்தான். மெலிசு சரக்கு வைத்திருப்பவன் கெட்டிச் சரக்கின் படத்தைத் திருடுவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? அவனிடம் கேமரா இல்லாமல் இல்லை. தன் சரக்கைப் படம் எடுத்தால் அது தன் சரக்காகவே தெரிந்துவிடும் என்றுதான் எடுப்பதில்லை.

அந்தத் தம்பதியை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. அதே உருப்படிகளை அடக்க விலைக்கே கொடுத்தோம். அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பவும் வழி சொன்னோம். நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020 ஜூலையில் வந்தன. விளம்பரத்தில் காட்டியபடி சரக்கு இல்லையென்றால் விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. போர்ட்டலின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாருக்கு ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. பணம் அவர்களுக்குத் திரும்பி வந்தது, ஆனால் கல்யாணம் முடிந்து மறுமாதம்தான் வந்தது. அது வாங்கியவரின் பாடு. எங்கள் பாடு வேறு. பட்டாபிராமில் அந்தக் கல்யாண வீட்டாருக்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் "அம்பத்தூர் பாத்திரக்கடையில் ஏமாந்தோம்" என்ற பாதிக் கதையை மட்டும் கேட்டுவிட்டுப் போனார்களோ, அதற்கு எந்த உதவி எண் இருக்கிறது?

ஏலம் என்பது நமக்குப் புதிதல்ல

இந்தப் படம் பார்த்து வாங்கும் பழக்கம் எங்கே தொடங்கியது என்று மகனைக் கேட்டோம். அமெரிக்காவில் 1995இல் தொடங்கிய ஈபே என்ற இன்டர்நெட் ஏலக்கடையைச் சொன்னான். யார் வேண்டுமானாலும் வீட்டில் கிடக்கும் சாமானைப் போட்டு ஏலம் விடலாம். நம் நாட்டில் அதே வியாபாரத்தை 2000இல் பம்பாயில் தொடங்கிய பாஸி டாட் காம் செய்தது. 2004இல் அதை ஈபே ஏறக்குறைய 5 கோடி டாலருக்கு வாங்கியது. பிறகு 2017இல் ஈபே இந்தியா பிளிப்கார்ட்டிடம் போய், 2018 ஆகஸ்டில் அந்தக் கடை மூடப்பட்டது. ஏலம் போனது, படம் காட்டி விற்கும் பழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

அந்த ஏலக்கடை தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இந்தப் படத் திருட்டுத் தலைவலியும் தொடங்கிவிட்டது. உரிமையாளர் புகார் கொடுத்தால் பட்டியலை நீக்குவதற்கென்றே ஈபேயில் தனித் திட்டம் வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் எடுத்த படத்தையும் எழுதிய விவரத்தையும் அனுமதியின்றிப் போடக்கூடாது என்பது அவர்கள் விதி. பழைய பொருளை விற்பதானால் பொதுப்படம் கூடாது, விற்கிற அந்தப் பொருளையே எடுத்த படம் வேண்டும் என்பது இன்னொரு விதி. இது நமக்கு நன்றாகப் புரியக்கூடிய விதி. பழைய பித்தளைத் தவலையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு தவலையும் ஒன்றல்ல. ஒன்றில் ஈயப்பூச்சு இருக்கும், ஒன்றில் அடியில் ஒட்டு இருக்கும்.

நாங்கள் வாலிபத்தில் மூர் மார்க்கெட்டில் சுற்றியவர்கள். இப்போது ஆவடி வண்டி ஏற நிற்கிறோமே, சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் வளாகம், அந்த இடத்தில்தான் 1900இல் திறந்த அந்தச் சந்தை இருந்தது. 1985 மே மாதம் தீப்பிடித்து அழிந்தது. அங்கே ஏமாற்று இல்லாமல் இல்லை. ஆனால் ஏமாறுகிறவன் பொருளைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏமாந்தான்! இன்றும் அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கழிவு உலோகத்தை எம்.எஸ்.டி.சி. என்ற நிறுவனத்தின் வழியாகக் கம்ப்யூட்டரில் ஏலம் விடுகின்றன. பித்தளைக் கழிவு எடுக்கும் நம் அன்பர்களுக்கு அது தெரியும். அங்கே ஏலம் கம்ப்யூட்டரில்தான், ஆனாலும் உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் என்பதுதான் நிபந்தனை. போய்ப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார்கள். படத்தை நம்பி ஒரு டன் கழிவு எடுக்கும் வியாபாரி எங்கேயும் இல்லை. கல்யாணச் சீர் வாங்கும் தாய் தகப்பன் மட்டும் படத்தை நம்ப வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நாங்கள் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவர்கள். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டு, அவர் சொன்ன பிரிவுகளைப் படித்துப் பார்த்துத்தான் எழுதுகிறோம்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் போட்டோ என்பது கலைப்படைப்பு. அழகாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அண்டாவின் படமும் கலைப்படைப்புதான் என்று வக்கீல் சொன்னபோது நாங்களே சிரித்துவிட்டோம். உரிமை படம் எடுத்த நொடியிலேயே பிறக்கிறது, பதிவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை. வேண்டுமானால் டில்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் பதியலாம். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு போட்டோவுக்கும் மற்றப் படைப்புகளைப் போலவே, எடுத்தவர் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும் உரிமை உண்டு.

யார் உரிமையாளர் என்பதில்தான் நம் கடைக்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள். சம்பள ஆள் வேலையின் பகுதியாக எடுத்தால் முதலாளிக்கு உரிமை. ஸ்டூடியோக்காரருக்குக் கூலி கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கு உரிமை. ஆனால் மச்சினர் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து, காப்பி மட்டும் குடித்துவிட்டு, தன் செல்போனில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனானே, அந்தப் படம் யாருடையது? அவனுடையது! அவனிடம் கையெழுத்தோடு எழுதி வாங்கினால்தான் நம்முடையதாகும். அப்படி எழுதும்போது காலத்தையும் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் குத்துவிளக்கு அனுப்புகிற அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எங்கள் கடையில் மகன் எடுத்த படங்கள் அத்தனைக்கும் இப்போது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம். "அப்பா, என்கிட்டயேவா?" என்று கேட்டான். ஆமாம், உன்னிடமேதான்.

திருடினால் தண்டனை என்ன? வியாபார லாபத்துக்காகத் தெரிந்தே செய்தால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். இந்த 63ஆம் பிரிவுக் குற்றத்தில் போலீசார் வாரண்ட் இல்லாமலே நடவடிக்கை எடுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் தீர்ப்பளித்தது. படத்தில் போட்டிருக்கும் உரிமையாளர் பெயரைத் தெரிந்தே அழிப்பதும் தனிக்குற்றம், அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. நம் பகுதிக்கு 2022 ஜனவரி முதல் ஆவடியிலேயே காவல் ஆணையரகம் வந்துவிட்டது, வேப்பேரிக்கு ஓட வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறோம், ஓர் அண்டாப் படத்துக்காகப் போலீசுக்குப் போவதில் எங்களுக்கு இஷ்டமில்லை. சிறை என்ற வார்த்தை பயமுறுத்தப் பயன்படும், பணத்தைத் திருப்பித் தராது. சிவில் வழக்குப் போடுவதானால் ஒரு சௌகரியம் இருக்கிறது. திருடியவன் வட நாட்டில் இருந்தாலும், நாம் வியாபாரம் செய்யும் ஊரின் எல்லைக்கு உட்பட்ட மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம் என்று 62ஆம் பிரிவு சொல்கிறது.

புகார் கொடுக்கும் வழியில் ஒரு முள் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளில் 75ஆவது விதியின்படி எழுத்து மூலம் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் அந்தப் படத்தைப் பார்க்க முடியாதபடி செய்ய வேண்டும், 21 நாள் அப்படியே வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் புகாரிலேயே, வழக்குப் போட்டு 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவருவேன் என்று நாம் உறுதி எழுதிக்கொடுக்க வேண்டும். உத்தரவு வராவிட்டால் படம் மறுபடி ஏறிவிடலாம். பெரிய கம்பெனிக்கு இது சரி. 600 ரூபாய்த் தூக்குவாளிக்கு எந்த வியாபாரி வக்கீல் பீஸ் கட்டுவான்? ஆகையால் நடைமுறையில் போர்ட்டல்கள் தாங்களே வைத்திருக்கும் புகார்ப் படிவம்தான் நமக்குக் கைகொடுக்கும். நாங்களும் அதைத்தான் செய்தோம். ஒன்பதாம் நாள் அந்தப் பட்டியல் நீங்கியது. பதினைந்தாம் நாள் வேறொரு பெயரில், அதே படம், 20 ரூபாய் குறைந்த விலையில் வந்தது! இப்படித் திரும்பத் திரும்பச் செய்பவர்களின் விவரத்தைப் பதிந்துவைக்க முயற்சி எடுக்க வேண்டும் என்று மேலே சொன்ன 2020 விதிகளில் போர்ட்டல்களுக்குக் கடமை இருக்கிறது. எனவே இரண்டாவது புகாரில் முதல் புகாரின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், அப்போதுதான் அது "திரும்பத் திரும்ப" என்ற கணக்கில் வரும்.

இன்னொரு வகையும் உண்டு. அதில் படத்தைத் திருடவே வேண்டாம். சில போர்ட்டல்களில் ஒரே சரக்குக்கு ஒரே பக்கம்தான். நாம் படம் எடுத்து, விவரம் எழுதி, பக்கத்தைத் தயார் செய்து வைத்தால், அதே சரக்கு என்னிடமும் இருக்கிறது என்று சொல்லி இன்னொருவர் அதே பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு ஐந்து ரூபாய் குறைத்து விற்கலாம். டில்லி உயர்நீதிமன்றத்தில் 2022 ஆகஸ்டில் இதுபற்றி ஒரு முக்கியமான உத்தரவு வந்தது. வி ட்ரடிஷன் என்ற பெயரில் துணி விற்கும் வியாபாரி ஒருவர் பிளிப்கார்ட் மீது தொடுத்த வழக்கு. அவருடைய பெயரிலும் படத்திலும் மற்ற விற்பனையாளர்கள் ஒட்டிக்கொள்ள அந்தப் போர்ட்டலே வசதி செய்து கொடுத்திருந்தது. உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் இப்படி அவர் பெயர்மீதும் படத்தின்மீதும் சவாரி செய்ய விடக்கூடாது என்று நீதிபதி பிரதிபா சிங், அந்த வியாபாரியின் விஷயத்தில் அந்த வசதியை நிறுத்தும்படி உத்தரவிட்டார். கவனியுங்கள், அந்த வியாபாரிக்கு ஒரு பெயர் இருந்தது. பெயரில்லாமல் வெறும் "எவர்சில்வர் அண்டா, 20 லிட்டர்" என்று போடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்த வாதம் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. ஒரு பெயரை வைத்து, கிண்டியில் உள்ள வணிகச் சின்னப் பதிவகத்தில் பதிவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

எங்கள் வீட்டு அழுக்கு

இதுவரை எழுதியதைப் படித்தால் நாங்கள் ஏதோ தர்மவான் போலத் தெரியும். மீதியையும் சொல்லிவிடுகிறோம்.

மூன்று புகார் கொடுத்த பிறகு ஒரு நாள் இரவு, கடை சாத்தும் நேரம், மகன் தயங்கித் தயங்கி வந்தான். "அப்பா, நம்ம பக்கத்துல இருக்கிற குத்துவிளக்குப் படமெல்லாம் நாம எடுத்தது இல்ல" என்றான். எவ்வளவு என்று கேட்டோம். ஏறக்குறைய 40 படம். நாச்சியார்கோயில் பக்கத்தில் நாங்கள் பல ஆண்டாகக் கொள்முதல் செய்யும் ஒரு விளக்குப் பட்டறைக்காரர் அச்சிட்ட கேட்டலாக்கிலிருந்து எங்கள் கடைப் பையன் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறான். சரக்குத்தான் அவரிடம் வாங்குகிறோமே, படம் போட்டால் என்ன என்று அவனுக்கு எண்ணம். சரக்கை விலைக்கு வாங்கினால் படத்தின் உரிமையும் சேர்ந்து வராது என்று வக்கீல் சொன்னது எங்களுக்கு அப்போது உறைத்தது.

அதோடு போயிருந்தால் ஒரு போன் செய்து மன்னிப்புக் கேட்டு முடித்திருப்போம். ஆர்டர்களைப் புரட்டிப் பார்த்தோம். நாச்சியார்கோயில் சரக்கு தீர்ந்துபோன இரண்டு மாதம், அந்தப் படத்துக்குக் கீழேயே மொராதாபாத் வார்ப்பு விளக்குகளை அனுப்பியிருக்கிறார்கள். விலை சற்றுக் குறைத்துத்தான். ஆனாலும் படம் நாச்சியார்கோயில். மொராதாபாத் சரக்கு மட்டம் என்று நாங்கள் சொல்லவில்லை, அதுவும் நல்ல தொழில்தான். ஆனால் அது வேறு. நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்தப் பெயரில் வேறு ஊர் விளக்கை விற்பது படத் திருட்டைவிடப் பெரிய தவறு. பட்டாபிராம் அம்மாளிடம் அந்த வட நாட்டுக்காரன் செய்ததற்கும் நாங்கள் செய்ததற்கும் எத்தனை கேஜ் வித்தியாசம்? தூக்கம் வரவில்லை.

மறுவாரம் கும்பகோணம் ரயிலேறி நேரிலேயே போனோம். பட்டறைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். உலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "படத்தைப் போட்டதுக்கு எனக்குக் கோபம் இல்ல மொதலாளி. போன வருஷம் மெட்ராஸ்லேருந்து ஒருத்தர் விளக்கைத் திருப்பி அனுப்பி, நாச்சியார்கோயில் விளக்கு இப்பல்லாம் ஆட்டம் காணுதுன்னு எழுதியிருந்தார். அது என் விளக்கே இல்ல. யாரோடதுன்னு இப்பத்தானே தெரியுது." அந்த விளக்கு எங்களிடமிருந்துதான் போனது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

அந்த இரண்டு மாதத்து ஆர்டர் 23 பேருக்கும் போன் செய்தோம். விவரத்தைச் சொல்லி, வேண்டுமானால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்றோம். ஒன்பது பேர் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் "பரவாயில்லை, பூஜையில் வைத்து ஏற்றியாயிற்று" என்று விட்டுவிட்டார்கள். ஒருவர் மட்டும் நன்றாகத் திட்டினார், கேட்டுக்கொண்டோம். நஷ்டம் பதினெட்டாயிரத்துச் சொச்சம். படங்களைப் போட அனுமதி என்று பட்டறைக்காரர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதில் "என்னிடம் வாங்கிய விளக்குக்கு மட்டும்" என்று ஒரு வரியைத் தாமாகவே சேர்த்தார். இப்போது சரக்கு தீர்ந்தால் அன்றைக்கே படத்தை இறக்கிவிடுகிறோம்.

நாங்கள் இப்போது செய்பவை

படம் எடுத்த செல்போனிலிருந்து மூலப்படத்தை அப்படியே கம்ப்யூட்டரில் நாள்வாரியாக எடுத்து வைக்கிறோம். மூலப்படத்துக்குள் எடுத்த தேதி, நேரம், கேமரா விவரம் எல்லாம் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் போய்விடும், படமும் சுருங்கிவிடும். ஆகையால் வாட்ஸ்அப்பில் இருக்கிறதே என்று மூலத்தை அழித்துவிடாதீர்கள். சண்டை என்று வந்தால் யாரிடம் பெரிய மூலப்படம் இருக்கிறதோ அவன் பேச்சுத்தான் எடுபடும்.

படத்தின் குறுக்கே கடைப் பெயரைப் போட்டுவிட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். சொந்தப் பட்டியலில் போடலாம். ஆனால் அமேசான் போன்ற இடங்களில் முதல் படம் வெள்ளைப் பின்னணியில், எழுத்தோ முத்திரையோ இல்லாமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே முதல் படத்தைச் சுத்தமாக விட்டுவிட்டு, இரண்டாம் மூன்றாம் படங்களில் எங்கள் பழைய பித்தளைத் தராசைப் பக்கத்தில் வைத்து எடுக்கிறோம். எடையும் தெரியும், கடையும் தெரியும். மெலிசு சரக்குக்காரனுக்கு எடை தெரியும் படம் உதவாது, அதைத் திருடினால் அவனே மாட்டிக்கொள்வான். இதை மகன்தான் யோசித்தான். சொல்லிக்கொள்ளப் பெருமையாகத்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை கூகுள் லென்ஸில் எங்கள் படங்களைக் கொடுத்து வேறெங்கே இருக்கிறது என்றும் தேடிப் பார்க்கிறான். அரைமணி நேர வேலை.

யாராவது நம் மீது பொய்ப் புகார் கொடுத்தால்? அதுவும் நடக்கிறது. தீபாவளி நேரத்தில் போட்டியாளரின் பட்டியலை இறக்கிவிட இதை ஓர் ஆயுதமாக்குகிறார்கள். ஆதாரமில்லாமல் மிரட்டுபவர் மீது நாமே நீதிமன்றம் போகலாம் என்று 60ஆம் பிரிவு இருக்கிறது. அதற்கும் மூலப்படம் கையில் இருக்க வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தனி ஆள் புகார் கொடுத்தால் போர்ட்டல்காரர்கள் இயந்திரப் பதில் அனுப்புகிறார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று வட்டாரத்திலிருந்தும் வரும் புகார்களைச் சேர்த்து, மாதம் ஒரு கடிதமாகச் சங்கத்தின் பெயரிலேயே அவர்களின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பினால் என்ன? கூடவே, நம் உறுப்பினர்களுக்குள் ஒருவர் படத்தை ஒருவர் எடுப்பதில்லை என்று ஒரு தீர்மானமும் போடலாம். நிர்வாகிகள் சிலரிடம் பேசியபோது, முதலில் நம் ஆட்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொல்லிச் சிரித்தார். எங்கள் பட்டியலிலிருந்தே தொடங்கட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மகன் செல்போனைக் கொண்டுவந்து காட்டுகிறான். நான்காவது பெயரில் அதே அண்டா வந்திருக்கிறது. இந்த முறை பின்னணியை வெட்டி, எங்கள் சுவரை எடுத்துவிட்டு வெள்ளையாக்கியிருக்கிறார்கள். அண்டாவின் வயிற்றில் தெரியும் நாள்காட்டியை மட்டும் அவர்களால் எடுக்க முடியவில்லை. நாளைக் காலை புகார் எழுத வேண்டும்.